காளைக்கன்றிலிருந்து கிடாரிக்கு: செட்டியார்பட்டி வட்டாரத்துத் தொழுவங்கள்

செட்டியார்பட்டி, விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் வட்டத்தில், தளவாய்புரத்தை ஒட்டி அமைந்த பேரூராட்சி. மேற்கே மலை. மலையடியில் மாவும் தென்னையும். அதற்குக் கீழே கண்மாய்ப் பாசன நெல் வயல்கள். கிழக்கே போகப் போக மண் கறுத்துக் கரிசலாகிவிடும். இந்த மூன்று நிலங்களும் மூன்று வகைத் தீவனம் தந்தன: மலையில் புல், வயலில் வைக்கோல், கரிசலில் சோளத்தட்டையும் பருத்திக்கொட்டையும். தறியும் தையலும் பெருகிய பிறகும் இந்த வட்டாரத்து வீடுகளில் ஒன்றிரண்டு மாடுகள் நிற்பதற்குப் பழைய காரணம் இதுதான்.

இன்று மாடு என்றதும் பால் நினைவுக்கு வருகிறது; ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்றால் பால்கோவாவும் சேர்ந்து வரும். ஆனால் பாலுக்காகவே மாடு வளர்த்த காலம் இங்கே அறுபது ஆண்டுக்குள் அடங்கிவிடும். அதற்கு முன் பல நூறு ஆண்டுகள் பசுவை வளர்த்தது அது ஈனும் காளைக்கன்றுக்காக. பால் இடையில் கிடைத்த லாபம். பசு கன்று போட்டால் ‘காளையா, கிடாரியா’ என்பதுதான் அன்றும் இன்றும் முதல் கேள்வி. கேட்பவர் விரும்பும் பதில்தான் மாறிவிட்டது.

ஆய்ச்சியர் வாழ்வை இந்த மண்ணோடு இணைத்தது பக்தி இலக்கியம். பெரியாழ்வார் கண்ணனைக் கன்று மேய்க்கும் பிள்ளையாகப் பாடினார். ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும் தன்னை ஆய்ச்சியாகவும் பாவித்துத் திருப்பாவை பாடினாள் என்பது வைணவ மரபு. மேய்ச்சலும் கறவையும் கண்முன் நடக்காத ஊரில் அந்தப் பாவனை அவ்வளவு இயல்பாக வந்திருக்குமா என்பது ஐயம்தான். கோயில் கல்வெட்டுகள் வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றன. அணையா விளக்குக்கு நெய் அளக்க இடையர்களிடம் ஆடுகளும் பசுக்களும் ஒப்படைக்கப்பட்டன. சோழ நாட்டில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கு அதிகம் வரும். அவற்றுக்குச் ‘சாவா மூவா’ என்ற அடைமொழி உண்டு: சாகாதவை, மூப்படையாதவை. இது பக்திச் சொல் போலத் தோன்றினாலும் உண்மையில் கணக்குச் சொல். கிழடானதும் செத்ததும் போக, பிறந்த குட்டியையும் கன்றையும் வளர்த்து அதே எண்ணிக்கையை நிரப்பி வைக்க வேண்டியது இடையர் பொறுப்பு. கன்று பிழைத்தால்தான் விளக்கு எரியும்.

நெல்லும் பருத்தியும் விரிந்த காலத்தில் காளையின் தேவை கூடியது. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டங்கள் 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் அமையும் வரை திருநெல்வேலிச் சீமையில் இருந்தன. அந்தச் சீமையின் பருத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. ரயில் வரும் வரை பொதியைத் துறைமுகம் சேர்த்தது மாட்டுவண்டி. கரிசல் காட்டை உழுவது எளிதன்று. மழை பெய்து ஈரம் பதமாக இருக்கும் சில நாளுக்குள் உழுது முடிக்க வேண்டும்; தவறினால் மண் இறுகிவிடும். அந்தச் சில நாளில் சொந்தமாக ஒரு சோடிக் காளை இல்லாதவன் மற்றவன் ஏர் ஓயக் காத்திருக்க வேண்டியதுதான்.

கிணற்றுப் பாசனத்தில் இந்தத் தேவை இன்னும் கடுமையானது. தென் மாவட்டங்களில் கமலை என்றும் கொங்குப் பகுதியில் கவலை என்றும் சொல்லப்பட்ட இறவை முறையில், சோடி மாடு சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுக் கூனை என்னும் இரும்புச் சால் நீரோடு மேலே வரும். அதன் தோல் வால் வழியாக நீர் வாய்க்காலில் கொட்டியதும் மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏற வேண்டும். முன்னால் நடப்பது எந்த மாட்டுக்கும் தெரியும். பின்னால் நடக்கப் பழக்குவதுதான் வித்தை. இளங்காளையை அனுபவப்பட்ட கிழட்டு மாட்டோடு சோடி சேர்த்துப் பழக்குவார்கள். விடியலுக்கு முன் தொடங்கினால் வெயில் ஏறும் வரை இறைப்பு நடக்கும். நல்ல கமலை மாட்டுக்கு ஊரில் தனிப் பேர் இருந்தது.

காளையை வாங்கும் இடம் மாட்டுத்தாவணி. கழுகுமலையில் திருவிழாவை ஒட்டிக் கூடிய தாவணி கரிசல் நாட்டில் பெயர் பெற்றது. விலை வாய்ச்சொல்லில் நடக்காது. தரகரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. வயதைப் பல் சொல்லும். ‘பல் போடாதது’ என்றால் கன்று. பிறகு இரண்டு பல், நாலு பல், ஆறு பல். எட்டும் விழுந்து முளைத்தால் கடைசேர்ந்த மாடு. இதில் ஏமாற்ற முடியாது. சுழி பார்ப்பது அப்படியல்ல. நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழன்றிருக்கும் இடத்தை வைத்து யோகமும் தோஷமும் சொன்னார்கள். பால் தராத மாட்டையும் நொண்டி மாட்டையும் சுழியைக் காட்டியே தள்ளிவிட்ட தரகர்களும் உண்டு. நல்ல மாட்டைச் சுழியைக் காட்டியே மலிவாக வாங்கியவர்களும் உண்டு.

முழுக் காளையாக வாங்கப் பணம் இல்லாதவனுக்குக் கன்றுதான் முதலீடு. வாரம் என்ற ஏற்பாடு இதில் பிறந்தது. கன்றோ பசுவோ ஒருவருக்குச் சொந்தம். மேய்த்து வளர்ப்பவர் வேறொருவர். விற்ற பணத்திலோ பிறக்கும் கன்றிலோ இருவருக்கும் பங்கு. நிலமில்லாத வீட்டுக்கு மாடு வந்து சேர்ந்த வழிகளில் இது முக்கியமானது. ஒரு காளைக்கன்று மூக்குக் குத்தி, காயடித்து, இரண்டு பல் போட்டு ஏருக்குப் பழகும் வரை மூன்று ஆண்டு ஆகும். அந்த மூன்று ஆண்டும் தீவனம் போட்டவனுக்கு அது வட்டி தரும் சேமிப்பு.

இதனால் கன்று பிறந்த நாளில் வீட்டில் நடப்பவற்றுக்குப் பொருள் இருந்தது. சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். மடி கனத்து, வால் பக்கக் குழி இறங்கினால் இன்றோ நாளையோ என்று தொழுவத்தில் புது வைக்கோல் பரப்புவார்கள். கன்று விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை வழித்தெடுத்து, தாய் நக்குவதற்காக அதன் முன்னால் போடுவார்கள். நக்க மறுக்கும் தலைச்சன் பசுவுக்குக் கன்றின் முதுகில் தவிட்டைத் தூவி ஆசை காட்டுவது உண்டு. இளங்கொடி விழுந்ததும் அதை நாய் இழுக்காமல் எடுத்து, வைக்கோல் சுற்றிச் சாக்கில் பொதிந்து, ஊர் எல்லை ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆல் பால் வடியும் மரம். அதில் கட்டினால் பசுவுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. பழைய சாலையோர ஆலமரங்களில் இந்த மூட்டைகளை இப்போதும் காணலாம்.

சீம்பால் விஷயத்தில் மரபு பாதி சரி, பாதி தவறு. முதல் சில நாள் பாலைக் காய்ச்சித் திரட்டிக் கருப்பட்டி சேர்த்து அண்டை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். ஊருக்கு இனிப்பு கிடைத்தது. கன்றுக்குக் கிடைக்க வேண்டியதில் அந்த அளவு குறைந்தது. இதைவிடக் கேடானது, இளங்கொடி விழும் வரை கன்றை மடியில் விடக் கூடாது என்ற பழக்கம். பசுவின் வயிற்றில் இருக்கும்போது நோயெதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. அவை சீம்பால் வழியாக மட்டுமே வருகின்றன. அவற்றை அப்படியே உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் ஒரு நாள்தான் இருக்கிறது, அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகிறது. கன்று முட்டிக் குடிக்கும்போது தாய்க்குக் கருப்பை சுருங்கி இளங்கொடி விழுவதும் எளிதாகிறது. ஆக, எதற்காகக் காத்திருந்தார்களோ அதையே காத்திருப்பு தாமதப்படுத்தியது. கால்நடை மருத்துவர்கள் இரண்டு தலைமுறையாகச் சொல்லியும் இந்தப் பழக்கம் முழுதாக ஒழியவில்லை.

நாட்டுப்பசு கன்று இல்லாமல் பால் சுரக்காது. முதலில் கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் இழுத்துக் கட்டி, கறந்துவிட்டு, மிச்சத்துக்கு மறுபடியும் அவிழ்த்துவிட வேண்டும். கன்று இறந்துபோனால் பசு மரத்துவிடும். அப்போது இறந்த கன்றின் தோலை உரித்து, உலர்த்தி, வைக்கோல் திணித்துத் தோல்கன்று செய்வார்கள். அதைப் பசுவின் முன்னால் நிறுத்தினால் அது மோந்து நக்கும்; அந்த நேரத்தில் கறந்துகொள்வார்கள். பார்ப்பவர் மனத்தைப் பிசையும் காட்சி அது. கண்ணும் காலும் இல்லாத உருவம் என்றாலும் வாசனை போதுமானதாக இருந்தது.

கோடையில் ஊர் மேய்ச்சல் தீய்ந்ததும் மந்தைகள் மலையேறின. மலைமாடு என்று சொல்லப்படும் சிற்றுடல் மாடுகள் பாறைச் சரிவிலும் முட்புதரிலும் தாமே மேய்ந்து பிழைப்பவை. தொழுவத்தில் கட்டி வளர்ப்பதற்கு ஏற்றவையல்ல. அறுவடை முடிந்தால் அதே மந்தை வயலில் கிடை போடும். ஓர் இரவுக்கு இவ்வளவு தானியம் அல்லது பணம் என்று கிடைக்கு உரியவர் வயல்காரரிடம் பேசிக்கொள்வார். கிடை மாட்டில் பால் கறப்பது பேருக்குத்தான். அதன் வருமானம் சாணமும் கோமியமும் காளைக்கன்றும்.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இந்த ஏற்பாட்டின் நடுவில் ஒரு கோடு கிழித்தது. காடு ஒதுக்குக்காடானது, மேய்ச்சல் உரிமை என்பது மேய்ச்சல் சீட்டு ஆனது. தலைக்கு இவ்வளவு கட்டணம், இன்ன எல்லைக்குள் மட்டும், சீட்டில்லாத மாடு பவுண்டு என்ற அடைப்புப் பட்டிக்கு. 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் மனிதரோடு மாடுகளும் கூட்டம் கூட்டமாக மடிந்த நினைவு ஆறாத காலம் அது. பஞ்சத்தில் கைகொடுத்த மலைக்கு அதன்பின் சீட்டு வாங்கித்தான் போக வேண்டியிருந்தது.

பஞ்சத்துக்கு அடுத்தபடி தொழுவத்தைக் காலி செய்தது வெக்கை நோய். காய்ச்சல், வாய்ப்புண், நிற்காத கழிச்சல். ஒரு வாரம் பத்து நாளில் மாடு விழும். ஒரு தொழுவில் வந்தால் தெருவே காலி. அம்மன் கோபம் என்று ஊர் எல்லையில் பூசை போட்டதைத் தவிர நெடுங்காலம் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின் 1954இல் தேசிய அளவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் இந்த நோய் கடைசியாகக் கண்டது 1995இல், அதுவும் தமிழ்நாட்டில். 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் முற்றிலும் ஒழித்த இரண்டாவது நோய் இது. கோமாரியும் அடைப்பானும் சப்பை நோயும் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஒரு தலைமுறை மாட்டையே வாரிக்கொண்டுபோகும் பயம் தொழுவத்தை விட்டு அகன்றது வெக்கையோடுதான்.

காளையின் ஆட்சியை முடித்தது நோயல்ல, மின்கம்பி. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தபோது கிணறுதோறும் பம்புசெட் ஏறியது. ஒரு சுவிட்சைத் தட்டினால் வரும் நீருக்காக யாரும் விடியலில் மாட்டைப் பின்னால் நடத்தவில்லை. கமலை மரங்கள் விறகாயின. கூனைகள் பழைய இரும்புக்குப் போயின. அடுத்துக் கிராமச் சாலையில் லாரி, பிறகு வயலில் டிராக்டர். வாடகைக்கு டிராக்டர் பிடித்தால் அரை நாளில் முடியும் உழவுக்கு ஆண்டு முழுக்க ஒரு சோடிக் காளைக்குத் தீனி போடுவது கட்டாது என்ற கணக்கு எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. மூன்று ஆண்டு காத்திருந்து பலன் காணும் அந்தச் சேமிப்புக்கு வாங்குபவர் இல்லாமல் போனார்.

அந்த இடத்தைப் பால் பிடித்தது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் குஜராத் மாதிரி, ஊர்தோறும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமாகத் தமிழ்நாட்டிலும் பரவியது. 1981இல் மாநில இணையம் அமைந்தது. அதன் ஆவின் பெயரை அறியாத வீடு இல்லை. சங்கத்துக்கு, ஊர் வாயில் சொசைட்டிக்கு, பால் ஊற்றினால் கையளவு காசு பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை நிச்சயம். விலையைத் தண்ணீர் கலந்த அளவு தீர்மானிக்காமல், கொழுப்பும் மற்றச் சத்தும் தீர்மானித்தன. இதைத் தரகரின் துண்டுக்கு அடியில் பேச முடியாது.

இரண்டு லிட்டர் கறக்கும் நாட்டுமாட்டை நம்பிச் சொசைட்டி நடக்காது. அதனால் கலப்பினம் வந்தது. சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி போன்ற மலைப்பகுதிக்கு ஃப்ரீசியன் என்பது தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கை. ஜெர்சி ஆங்கிலக் கால்வாயில் உள்ள சிறு தீவு. அதன் பேர் இன்று செட்டியார்பட்டிப் பாட்டிக்கும் தெரியும். கன்றைப் பெற ஊர்ப் பொலிகாளையைத் தேடிப் போன காலம் போய், மைனஸ் 196 பாகை செல்சியஸில் திரவ நைட்ரஜன் குடுவையில் வந்த உறைவிந்து ‘சினை ஊசி’ ஆனது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை ஊர் மேய்ச்சலில் திரிந்து மந்தையைச் சினைப்படுத்திய ஏற்பாடு சத்தமில்லாமல் ஓய்ந்தது. வழிபாட்டுப் பொருளாகப் பார்க்கப்பட்ட கோயில் காளை செய்த உண்மையான வேலை இதுதான் என்பது அது இல்லாமல் போன பிறகே பலருக்கு உறைத்தது.

பாலுக்கு வாய் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்ந்த பண்டம். விறகடுப்பில் அகன்ற சட்டியில் இடைவிடாமல் கிண்டிச் சுண்ட வைப்பது அதன் வேலை. ஏறக்குறைய 10 லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை போட்டால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் கிடைக்கும். நாட்டுப்பசு ஒன்றின் இரண்டு லிட்டர் பால் முக்கால் கிலோவுக்கே எட்டாது. ஒரு நல்ல கலப்பினப் பசுவின் ஒருநாள் கறவை மூன்று கிலோவாகும். கூட்டுறவுச் சங்கமும் தனியார் கடைகளும் வளர்த்த இந்தப் பண்டம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பண்டத்துக்கு; அதன் மூலப்பொருள் ராஜபாளையம், செட்டியார்பட்டி வரை பரந்த சிறு தொழுவங்களில் விடியற்காலை கறந்தது.

கலப்பினப் பசு கன்று இல்லாமலும் சுரக்கும். கன்றுக்கும் கறவைக்கும் இருந்த பழைய முடிச்சு இதனால் அவிழ்ந்தது. தோல்கன்று வழக்கொழிந்தது நல்லதே. ஆனால் பிழைக்க வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அதோடு போனது. கிடாரி என்றால் பால் அளந்து ஊற்றி வளர்ப்பார்கள். காளை என்றால், உழவுக்குத் தேவையில்லை, ஊசி வந்த பிறகு பொலிக்கும் வேண்டாம். குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் சொசைட்டியில் குறையும் காசு. சில வாரங்களில் வியாபாரி வண்டியில் ஏறிவிடும். இந்தச் சாய்வு நாடு முழுக்க உள்ளதுதான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாடுகள் 19.25 கோடி, அதில் பெண் மட்டும் 14.51 கோடி. தமிழ்நாட்டில் மாடுகள் ஏறத்தாழ 95 லட்சம். 2011இல் ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாக் கறவை மாடு வழங்கும் மாநிலத் திட்டம் தொடங்கியபோதும், கொடுத்தது கறவைப் பசு. உழவுக் காளையை யாரும் கேட்கவில்லை.

மலைப்பக்கக் கதை வேறு திசையில் போனது. சாம்பல்நிற மலை அணில் காப்பகம் 1988இல் ஏறக்குறைய 485 சதுர கிலோமீட்டரில் அமைந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமானது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழக வனங்களில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்து, சில நாளில் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா அளவுக்குச் சுருக்கியது. அடிவாரத்து மலைமாட்டுக்காரருக்கு இந்தச் சுருக்கத்தால் பயனில்லை; அவருடைய மலை புலிகள் காப்பகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1882இல் சீட்டுக்குள் அடங்கிய மேய்ச்சல் 140 ஆண்டில் சீட்டும் இல்லாததாயிற்று. நோய்ப் பரவலும் வனவுயிர்களின் பாதுகாப்பும் காப்பகத் தரப்பின் நியாயங்கள். கட்டி வளர்க்க முடியாத ஓர் இனம் மலையை விட்டு இறங்கினால் இனமாகவே நிலைக்காது என்பது மேய்ப்பர் தரப்பின் நியாயம்.

அண்மைக் காலத்தில் தொழுவத்துக்குப் புது வகை உரிமையாளர் வந்திருக்கிறார். வெளியூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தறிக்கூடமோ கடையோ வைத்திருப்பவர், அடிவாரத்தில் தென்னந்தோப்பு வாங்கி இரண்டு பசு கட்டுகிறார். வருமானம் நோக்கமில்லை, வீட்டுக்குப் பால், தோப்புக்கு எரு, பேரப்பிள்ளைகளுக்குக் கன்று. இவர்கள் பெரும்பாலும் நாட்டுமாட்டைத் தேடுகிறார்கள். வாங்கிய பிறகு பழைய சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன. கன்றை அவிழ்த்துவிடாமல் பசு சுரப்பதில்லை. பிறந்த அரைமணி நேரத்துக்குள் சீம்பால். 25 கிலோ கன்றுக்கு நாளைக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டர். தொப்புள்கொடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டுக் கட்டி நறுக்கி அயோடின் தடவுதல். பத்து நாள் கழித்துக் குடற்புழு மருந்து. இவற்றில் ஒன்று தவறினாலும் கன்று கழிச்சலில் சுருண்டுவிடலாம். 2022இல் நாடெங்கும் பரவிய தோல் கழலை நோய் தோப்புக் கன்றுகளையும் விட்டுவைக்கவில்லை.

காளைக்கன்று பிறந்தால் என்ன செய்வது என்பதற்கு இந்தத் தொழுவங்களிலும் ஒரே விடை இல்லை. சிலர் சல்லிக்கட்டுக்கு வளர்ப்பவரிடம் கொடுக்கிறார்கள். சிலர் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிறார்கள். சிலர் தோப்பில் வண்டியிழுக்கப் பழக்கிப் பார்த்து, பழக்கத் தெரிந்த கை ஊரில் கிடைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வியே எழாமல் செய்யும் வழியும் வந்துவிட்டது. பாலினம் பிரித்த உறைவிந்தில் பத்துக்கு ஒன்பது கன்று கிடாரியாகப் பிறக்கிறது. சினை ஊசி போட வரும் ஆளிடம் எந்த விந்துக் குச்சி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.